ஏப்ரலில் குப்பைக்கு, ஜூனில் டோக்கனுக்கு

கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டின் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மீந்ததைக் கொட்ட வேண்டியதுதான். 2021 மார்ச்சில் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்களுக்கு அன்றாடத் தலைவலி இதுதான். காலையில் மூன்று பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். குப்பியைத் திறப்பதா, இன்னும் ஏழு பேர் வரட்டும் என்று பார்ப்பதா? திறந்தால் பாதிக்கு மேல் வீண். காக்கவைத்தால் வந்த மூவரில் ஒருவர், "சாயங்காலமா வர்றேன்மா" என்று எழுந்து போய்விடுவார். போனவர் வர மாட்டார். ஏப்ரல் 11 வரையிலான கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியபோது, தடுப்பூசியை வீணாக்கியதில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குக் கிடைத்திருந்தது. 12 சதவீதம். பக்கத்துக் கேரளத்தில் பூஜ்யம்.

ஜூனில் அதே நிலையங்களின் வாசலில் விடியும் முன்பே வரிசை நின்றது. டோக்கன் கொடுத்தார்கள். டோக்கன் கிடைக்காதவர்கள் சண்டை போட்டார்கள். "தடுப்பூசி இருப்பு இல்லை" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். 3.5 கோடி தவணைகளுக்கு மாநில அரசு விட்ட உலக டெண்டருக்கு ஒரு நிறுவனமும் விலை சொல்லி வரவில்லை. குப்பியில் வழக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக அடைக்கப்படும் மருந்தையும் சிந்தாமல் உறிஞ்சி, பத்துப் பேருக்கானதில் பதினோராவது ஆளுக்கும் போட்டார்கள் கைதேர்ந்த செவிலியர்கள். முதலில் கொட்டியதை இப்படித்தான் ஈடுகட்டினார்கள்.

இந்த இரண்டு மாதத்தில் மக்களுக்கு அறிவியல் ஞானம் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. எம்ஆர்என்ஏ என்றால் என்ன, வைரல் வெக்டர் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கவும் இல்லை. தடுப்பூசித் தயக்கம் என்றதும் "விழிப்புணர்வு இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது அதிகாரிகளுக்கும் ஊடகங்களுக்கும் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விழிப்புணர்வு இல்லாதவர் ஏப்ரலிலும் ஜூனிலும் ஒரே மாதிரிதானே இருந்திருக்க வேண்டும்? தயங்கியவர்கள் தங்களுக்குத் தெரிந்த அளவில் கணக்குப் போட்டார்கள். நோய் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, ஊசி போட்டால் எத்தனை நாள் கூலி போகும், சொல்கிற ஆளை நம்பலாமா என்று பார்த்தார்கள். ஏப்ரலில் அந்தக் கணக்கு ஊசிக்கு எதிராகவும் ஜூனில் சாதகமாகவும் வந்தது.

2021 ஜனவரி 16 அன்று நாடு முழுக்க முகாம் தொடங்கியபோது, முதல் வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும். தமிழ்நாட்டில் 166 மையங்கள், மையத்துக்கு நூறு பேர் என்பது திட்டம். முதல் நாள் வந்தவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. மருத்துவம் படித்தவர்களையே விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்று சொல்ல முடியுமா? அவர்களுக்கு இருந்தது வேறு கேள்வி. ஜனவரி 3 அன்று கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் ஒரே நாளில் அவசர அனுமதி தரப்பட்டது. கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை அப்போது முடியவில்லை. 25,800 தன்னார்வலர்களிடம் நடந்துகொண்டிருந்தது. செயல்திறன் எவ்வளவு என்ற எண் யார் கையிலும் இல்லை. ஆகவே "பரிசோதனை முறையில்" என்ற ஒட்டுச்சொல்லோடு அனுமதி கொடுத்து, போட்டுக்கொள்பவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். முழுப் பாதுகாப்பு என்று மேடையில் சொல்லிவிட்டு மேசையில் கையெழுத்து கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் எங்களுக்குக் கோவிஷீல்டு கொடுங்கள் என்று கடிதமே எழுதினார்கள். கோவாக்சின் நல்ல தடுப்பூசி என்பதைப் பிறகு வந்த தரவு காட்டியது. ஆனால் அந்தத் தரவு வருவதற்குள் சந்தேகம் ஊர் சுற்றி முடித்திருந்தது.

கோவிஷீல்டிலும் முன்கதை ஒன்று உண்டு. 2020 நவம்பரில், சென்னையில் பரிசோதனையில் பங்கேற்ற தன்னார்வலர் ஒருவர், ஊசிக்குப் பிறகு நரம்பியல் பாதிப்பு வந்ததாகச் சொல்லி 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். அது சரியாகவே இருக்கலாம். தயாரித்த சீரம் நிறுவனமோ அதற்கு மேலே போய், 100 கோடி ரூபாய்க்கு மேல் மானநஷ்டம் கேட்பேன் என்று அறிக்கை விட்டது. உடம்புக்கு முடியவில்லை என்று சொன்ன ஆளைக் கம்பெனி மிரட்டுகிறது என்பதுதான் படித்தவர் மனதில் பதிந்தது.

இந்த நிலையில்தான் விவேக் வந்தார். மூடநம்பிக்கையைக் கிண்டலடித்தே பெயர் வாங்கிய நகைச்சுவை நடிகர். ஊர் ஊராக மரம் நட்டவர். இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். ஏப்ரல் 15 அன்று, தனியார் மருத்துவமனைக்குப் போகாமல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வந்து, கேமராக்கள் முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார். பயப்படாதீர்கள் என்று பேசினார். மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். வயது 59. இதயத்தின் முக்கிய ரத்தக் குழாய் முழுக்க அடைத்திருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அப்படி ஓர் அடைப்பு ஒரே ராத்திரியில் முளைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிந்து, ஒரு நாள் மூடிக்கொள்வது அது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லிவிடலாம். எத்தனை பனம்பழம் விழும் என்று ஒரு கணக்குப் பார்த்தால் இன்னும் விளங்கும். இந்தியாவில் இதயம், ரத்தநாளம் சார்ந்த நோய்களால் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல். இவர்களில் பெரும்பாலோர் 45 வயதைத் தாண்டியவர்கள். அந்த வயதில் நாட்டில் சுமார் 34 கோடிப் பேர். ஒரே நாளில் 30 லட்சம் பேருக்கு ஊசி போடுகிறோம், எல்லோரும் அந்த வயதுக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊசி என்ற ஒன்றே உலகத்தில் இல்லாவிட்டாலும் அவர்களில் முப்பது நாற்பது பேர் மறுநாள் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறக்கத்தான் போகிறார்கள். அது தினமும் நடந்தது. அந்த நாற்பதில் ஒருவர் ஊரறிந்த முகமாகவும், ஊசி போட்டது டிவியில் வந்தவராகவும் அமைந்தது தமிழ்நாட்டின் துரதிருஷ்டம்.

கணக்கு சரிதான். ஆனால் இழவு வீட்டில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. விவேக் மயங்கி விழுந்த அன்றே சுகாதாரத் துறைச் செயலர் செய்தியாளர்களைக் கூப்பிட்டு, தொடர்பில்லை என்றார். மருத்துவ ரீதியில் நியாயமான பதில்தான். கேட்டவர்களுக்கோ, விசாரிக்காமலே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்றே பட்டது. தடுப்பூசிக்குப் பின் ஏற்படும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொன்ன செய்தி வெளியானது அக்டோபரில். ஆறு மாதம்! நடுவில் வாட்ஸ்அப் சும்மா இருந்ததா? நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி லுக் மோன்டானியே, ஊசி போட்டவர்கள் எல்லோரும் இரண்டு ஆண்டில் செத்துவிடுவார்கள் என்று சொன்னதாக ஒரு செய்தி மே மாதம் தமிழில், இந்தியில், எல்லா மொழியிலும் பறந்தது. அவர் தடுப்பூசிகளை விமர்சித்தவர்தான், ஆனால் அப்படிச் சொல்லவில்லை. மறுப்பு வந்தது. பொய்யைப் படித்தவர்களில் எத்தனை பேர் மறுப்பைப் படித்தார்கள்?

தமிழ்நாட்டுக்கு இது முதல் அடியும் அல்ல. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் சிறிது நேரத்தில் இறந்தன. பதறிப்போன அரசு, இனி கிராமத்தில் வைத்துப் போட வேண்டாம், மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடுங்கள் என்று முடிவெடுத்தது. பார்க்கப் பொறுப்பான முடிவு. விளைவு என்ன? நர்ஸம்மா வாசலுக்கு வந்து போட்டுக்கொண்டிருந்த ஊசிக்காக, தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டியதாயிற்று. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் 80 சதவீதத்தைத் தாண்டியிருந்த குழந்தைகளின் முழுத் தடுப்பூசி விகிதம், பத்தாண்டு கழித்து 70 சதவீதத்துக்குச் சரிந்தது. காரணம் இது ஒன்றே என்று சொல்ல முடியாது. ஆனால் நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட மாநிலம் அது. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கம் நடந்தபோது, வாட்ஸ்அப் குரல்பதிவுகள் பள்ளிக்கூட வாசலை வந்தடைந்தன. எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று பெற்றோர் கடிதம் கொடுத்தார்கள். கெடு தேதியை நீட்டிக்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து வந்த கொரோனா ஊசிக்கு, அன்று மறுத்த பெற்றோரே பயனாளிகள்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கையான ஒரு சங்கதி கிடைக்கிறது. பெரியம்மைத் தடுப்பு இந்தியாவுக்கு வந்தது 1802இல். மாட்டம்மையிலிருந்து எடுத்ததை மனித உடம்பில் குத்துவதா, அம்மன் கோபிக்க மாட்டாளா என்று மக்கள் ஒதுங்கினார்கள். 1819 ஜனவரியில் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில் "கல்வி விரும்பன்" என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது: மாட்டம்மை குத்தும் முறை புதிதே அல்ல, தன்வந்திரி பெயரில் உள்ள சம்ஸ்கிருத நூலிலேயே இருக்கிறது என்று. அப்படி ஒரு நூல் கிடைக்கவே இல்லை. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த வெள்ளைக்கார அரசு அதிகாரி எல்லீஸ் துரை, தடுப்பூசியைப் போற்றி சம்ஸ்கிருதத்தில் தானே ஒரு சிறு பாடல் இயற்றி, பழைய தாளில் எழுதவைத்து, கண்டெடுத்த ஏடு என்று உலவவிட்டதாக அக்காலத்தவர் பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல நோக்கம்தான். அரசாங்கம் நல்ல காரியத்துக்காகக் கொஞ்சம் புளுகலாம் என்று நினைக்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

2021இல் அந்தப் புளுகு "எந்தப் பக்கவிளைவும் இல்லை" என்ற வடிவில் வந்தது. எல்லா மருத்துவர்களும் அப்படிச் சொல்லவில்லை. முகாம் ஒலிபெருக்கிகளும் உள்ளூர்ப் பிரமுகர்களும் சொன்னார்கள். சித்தாளாகப் போகிற பெண் அதைக் கேட்டு ஊசி போட்டுக்கொள்கிறார். ராத்திரி காய்ச்சல் அடிக்கிறது, கை தூக்க முடியவில்லை, இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மருத்துவருக்கு அது எதிர்பார்த்த எதிர்வினை, பாராசிட்டமால் போதும். அந்தப் பெண்ணுக்கு அது இரண்டு நாள் கூலி, கூடவே சொன்னது பொய் என்ற நிரூபணம். தெருவில் பத்துப் பேருக்கு அவரே செய்தி. "காய்ச்சல் வரும், ரெண்டு நாள்ல சரியாகிடும், இந்த மாத்திரையைப் போடு, நாளைக்கு வேலைக்குப் போகாதே" என்று முன்கூட்டியே சொன்ன செவிலியரின் பகுதியில் அதே காய்ச்சல் நம்பிக்கையாக மாறியது. நர்ஸம்மா சொன்ன மாதிரியே நடந்தது என்பார்கள்.

தயக்கத்தின் காரணங்களைக் கிட்டப் போய்க் கேட்டவர்களுக்கு இன்னொன்றும் புரிந்திருக்கும். "எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, அதனால வேணாம்" என்பதுதான் பெரியவர்களிடம் அடிக்கடி கேட்ட பதில். யாருக்கு முதலில் போட வேண்டுமோ அவர்களே நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒதுங்கினார்கள். அது சோம்பேறித்தனமான சாக்கு இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் முதல் சில மாதம் ஊசி கிடையாது என்று அரசே சொல்லியிருந்தது. பாலூட்டுவோருக்கு மே மாதமும் கர்ப்பிணிகளுக்கு ஜூலையிலும்தான் அனுமதி வந்தது. உடம்பு பலவீனமானவர்களுக்கு ஆகாது போல என்று பெரியவர்கள் எடுத்துக்கொண்டதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. மாநிலப் பொது சுகாதாரத் துறை 2021 நடுவில் எடுத்த ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தயங்கினார்கள். அறுபதைத் தாண்டியவர்களிடம் தயக்கம் அதைவிடக் கூடுதல்.

இரண்டாம் அலைதான் தராசைச் சாய்த்தது. மே 21 அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 36 ஆயிரத்துக்கும் மேல் புதிய தொற்று. மாதக் கடைசியில் தினசரி மரணம் நானூறைத் தாண்டியது. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற காட்சிக்கு முன்னால் வாட்ஸ்அப் வதந்தி நிற்கவில்லை. ஊசியின் பயத்தை நோயின் பயம் விழுங்கியது. ஆனால் பயத்தை மட்டும் நம்பியிருந்தால் அலை வடிந்ததும் வரிசையும் கலைந்திருக்கும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டதில்தான் தமிழ்நாட்டின் சாமர்த்தியம் இருக்கிறது.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, 40 ஆயிரம் இடங்களில் மெகா முகாம் நடத்தினார்கள். இலக்கு 20 லட்சம், போட்டது 28 லட்சத்துக்கும் மேல். பேருந்து நிலையம், பள்ளிக்கூடம், அங்கன்வாடி என்று தேர்தல் பூத் போல ஊசியை ஆளிடம் கொண்டுபோனார்கள். 2008க்குப் பிறகு செய்ததற்கு நேர் எதிர். வாரம் செல்லச் செல்ல இன்னொரு சிக்கல் தெரிந்தது. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஊரெங்கும் ஒரு நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை விட்டுவிட்டு எவன் வருவான்? அமைச்சர் மா. சுப்பிரமணியன் இதை மறைக்காமல் வெளிப்படையாகச் சொல்லி, ஆறாவது முகாமை அக்டோபர் 23, சனிக்கிழமைக்கு மாற்றினார். அந்த நம்பிக்கை தவறு என்று அரைப் பக்க விளம்பரம் கொடுத்திருக்கலாம். அதற்குப் பதில் நாட்காட்டியை நகர்த்தினார்கள். கொள்ளை நோய்க் காலத்து நிர்வாக முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கோவளம் மீனவர் குடியிருப்பில் ஒரு தொண்டு அமைப்பு ஜூன் மாதத்தில் பிரியாணி, ரீசார்ஜ், குலுக்கலில் மிக்ஸி, தங்கக் காசு என்று அறிவித்தது. இரண்டு மாதத்தில் நூறு பேர்கூடப் போடாத ஊரில் சில நாளில் முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். பிரியாணிக்கு உயிரையா பணயம் வைப்பார்கள் என்று சமூக ஊடகத்தில் கேலி பேசினார்கள். உயிருக்கு ஆபத்து என்று உண்மையிலேயே நம்புகிறவர் தங்கக் காசுக்குக்கூட வர மாட்டார். வந்தவர்கள் பெரும்பாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்களாகவே இருந்திருப்பார்கள். கடலுக்குப் போகாத ஒரு நாளின் இழப்பில் பாதியையாவது யாரோ ஈடுகட்டினால் போதும் என்றிருந்தவர்கள்.

அதிகாரம் வேறு வழியும் பார்த்தது. நீலகிரியில், குடிப்பதால் போட்டுக்கொள்ளவில்லை என்று சிலர் சொல்ல, டாஸ்மாக்கில் சரக்கு வாங்கச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்றார் மாவட்ட ஆட்சியர். நவம்பரில் 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தைத் தூசி தட்டி, ஊசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் கட்டுப்பாடு வந்தது. எண்ணிக்கை ஏறியது என்னவோ உண்மை. 2022 தொடக்கத்தில் பெரியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் முதல் தவணை போட்டிருந்தார்கள். கட்டாயத்தின் பலன் எவ்வளவு, முகாமின் பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் அந்த ஆண்டு ஜூலையில் பூஸ்டர் ஊசியை 75 நாள் இலவசமாகக் கொடுத்தபோது பெரும்பாலோர் வரவில்லை. ஒமைக்ரான் சளிக்காய்ச்சலாக வந்து போனதைப் பார்த்த ஜனங்கள் மறுபடியும் தங்கள் கணக்கைப் போட்டார்கள்.

2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. செய்திகளில் அந்த வரிதான் தலைப்பானது. அதே தீர்ப்பில் இன்னொரு கட்டளையும் இருந்தது: பாதிப்பு வந்தவர்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவு செய்யவும், அந்தப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கவும் ஏற்பாடு வேண்டும் என்று. அதன் அருமை 2024 ஏப்ரல் கடைசியில் தெரிந்தது. லண்டன் வழக்கொன்றில், தன் தடுப்பூசி மிக அரிதாக ரத்தம் உறைதலை ஏற்படுத்தலாம் என்று அஸ்ட்ராஜெனெகா நிறுவனம் (அதன் தடுப்பூசிதான் இங்கே கோவிஷீல்டு) ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்ததும், கோவிஷீல்டு போட்ட தமிழ்நாடே ஒருமுறை நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. இத்தனை நாள் மறைத்துவிட்டார்கள் என்றார்கள். உண்மையில் ஐரோப்பிய மருந்து முகமை அந்தப் பக்கவிளைவை 2021 ஏப்ரல் 7 அன்றே அறிவித்துவிட்டது. இந்தியாவிலும் மே 17 அன்று மத்திய அரசு, பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற அளவில் இப்படிப்பட்ட பாதிப்புகள் பதிவாகியிருப்பதாகவும், ஊசி போட்டு 20 நாளுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம், விடாத தலைவலி இருந்தால் உடனே தெரிவிக்கும்படியும் அறிவித்திருந்தது. அறிவிப்பு டெல்லியில் ஆங்கிலச் செய்திக்குறிப்பாக வந்தது. அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பிய நம் முகாம் பெஞ்சில், கையில் ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டாக அது வந்திருக்க வேண்டும்.